பானட்டுக்குப் போட்ட பூட்டு

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எழுதுகிற ஆளும் இல்லை. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் என் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். மூத்த மகள் சொல்லும்போது அந்தப் பூட்டு தேங்காய் அளவு. இளையவன் சொல்லும்போது பலாக்காய் அளவு. பூட்டு என் உள்ளங்கை அளவுதான். நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என் காரின் பானட்டுக்கு, அதாவது இன்ஜினை மூடுகிற தகட்டுக்கு, நான் பூட்டுப் போட்டேன். (கதவுக்குப் போடவில்லை. கதவு சரியாக அடையாது. அதைக் கயிற்றால் கட்டியிருந்தேன்.)

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நான் நாகர்கோவிலில் வாடகைக் கார் ஓட்டினேன். சொந்தக் கார். சொந்தம் என்றால், என் மனைவி சிசிலியின் நாலு வளையல் போய் அந்தக் கார் வந்தது. எனக்கு முன்னால் அது எத்தனை பேரிடம் இருந்தது என்று தெரியாது. எல்லோரும் அதை அடித்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். ரோட்டில் போகும்போது எங்கேயோ கிலுங்கும். "அது என் வளையல் சத்தமாக்கும்" என்பாள் சிசிலி.

எங்கள் கார் ஸ்டாண்டில் எட்டொன்பது வண்டி நிற்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வண்டியின் பானட் திறந்திருந்தால் எவனும் போய் எட்டிப் பார்க்கலாம். அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பார்த்தவன் சும்மா போகக்கூடாது. தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் நகர்ந்தால் பின்னாலிருந்து சத்தம் வரும்: "ஏலே, ஒண்ணு சொல்லிட்டுப் போல!"

அப்படித்தான் நான் தொழில் படித்தேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடி போடலாம். பெட்ரோல் டாங்க் கசிந்தால் பார் சோப்பை அப்பலாம். இதெல்லாம் எவன் எவனோ என் இன்ஜினுக்குள் தலையை விட்டுச் சொன்னவை. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியைச் சிகரெட் பெட்டி அட்டையை நுழைத்து அளக்கலாம் என்று காட்டியவன் குமரேசன். அதோடு என் வண்டி காலையில் இருமுவது நின்றது. அதற்கு அவன் ஒரு சாயா கூட வாங்கவில்லை. (அந்த அட்டையும் அவனுடையதுதான். நான் திருப்பிக் கொடுக்கவில்லை.)

குமரேசன் ஆரல்வாய்மொழிக்காரன். வயல் உள்ள வீடு. அப்பாவுக்கு ஒரே மகன். வயலைப் பார்க்காமல் காரோட்ட வந்தான் என்று அப்பா ஆறு வருடமாகப் பேசவில்லை. "வட்டு பிடிக்கப் போனவன் என் வாசல் மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். வட்டு என்று அவர் சொன்னது ஸ்டியரிங்கை. குமரேசன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

இனி என் கண்டுபிடிப்பு.

ஒரு மார்கழிக் காலை. தேங்காயெண்ணெய் குப்பியில் உறைந்து கிடந்தது. சிசிலி அதை அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். இளகி ஓடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணெய் சூட்டில் இளகுகிறது. பெட்ரோலும் ஒரு எண்ணெய்தானே. அதைச் சூடாக்கிக் கொடுத்தால் கொஞ்சமே போதுமே.

(எனக்கு யோசனை வருவது அபூர்வம். வந்தால் நான் அதைச் சந்தேகப்படுவதில்லை.)

செம்புக் குழாய் வாங்கினேன். இன்ஜினிலிருந்து புகை வெளியே போகிற குழாய் கொதிக்கிற சூட்டில் இருக்கும். அதன்மேல் பெட்ரோல் குழாயை ஏழு சுற்றுச் சுற்றினேன். வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. ஒரு வாரத்தில் பெட்ரோல் மிச்சமானது கண்ணுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் பானட்டைத் திறந்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் திறக்கவில்லை. அந்த ஏழு சுற்றில் எனக்கு நாலு வளையல் தெரிந்தது. ஸ்டாண்டில் உள்ள வண்டிக்கெல்லாம் கூலி வாங்கிக்கொண்டு சுற்றிக் கொடுக்கலாம். பிறகு திருவனந்தபுரம் போகலாம். அங்கே வண்டி எவ்வளவு! மனதிலேயே நான் ஒரு மாடி வீடு கட்டி, வெள்ளையும் அடித்துவிட்டேன்.

அதுவரை யாரும் பார்க்கக்கூடாது. கொல்லனிடம் போய் ஓர் இரும்புப் பட்டை செய்து வாங்கினேன். பானட்டுக்கு மேலாக, ஒரு பக்கத்து மட்கார்டிலிருந்து மறு பக்கத்து மட்கார்டுக்கு. ஒரு முனையை முறுக்கி இறுக்கியாயிற்று. மறு முனையில் பூட்டு.

ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டு நிறுத்தியதும் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. கடைசியில் மைதீன் அண்ணன்தான் வாயைத் திறந்தார். அவர் எங்களுக்கு மூத்தவர். ஆரல்வாய்மொழி பஸ் ஓட்டுகிறவர். சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். பஸ்ஸை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் வந்து நிற்பது வழக்கம்.

"என்னடே செபஸ்தி, வண்டிக்குக் குடல் எறங்கிப் போச்சா? பட்டை கட்டியிருக்க?"

அப்போது சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள்.

குமரேசன் மட்டும் தனியாக வந்து கேட்டான்.

"உள்ள என்ன வச்சிருக்க மக்கா?"

"ஒரு வேலை. பெட்ரோல் மிச்சமாவும்."

"எனக்கும் சொல்லுடே. என் வண்டி பெட்ரோல மாடு கழனி குடிக்கிறது மாதிரி குடிக்கு."

"சொல்ல முடியாது. வேணும்னா பிடிச்சுத் தாறேன். கூலி உண்டு. பொறவு உன் பானட்டுக்கும் பூட்டுப் போடணும். சாவி எங்கிட்ட இருக்கும்."

"என் வண்டிச் சாவி உங்கிட்டயா?"

"ஆமா. தொழில் ரகசியமில்லா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். விளையாடவில்லை என்று தெரிந்துகொண்டான்.

"சிகரெட் அட்டைய நீயே வச்சுக்கோ" என்றான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு என் வண்டிப் பக்கம் யாரும் வரவில்லை. என்னாலும் மற்ற வண்டிப் பக்கம் போக முடியவில்லை. பானட் திறந்திருக்கும். தலைகள் உள்ளே போகும். "ஒண்ணு சொல்லிட்டுப் போல" என்று சத்தம் வரும். நான் தூரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். சவாரி வந்தால் மற்றவர்கள் எனக்குத் தள்ளிவிடுவதும் நின்றது. ஏற வந்த ஆட்களும் இரும்புப் பட்டையைப் பார்த்துத் தயங்கினார்கள். ஒரு கிழவர், "இது என்ன, ஜெயில் வண்டியா?" என்று கேட்டுவிட்டு ஜட்கா பிடித்தார்.

பெட்ரோல் இன்னும் அதிகம் மிச்சமானது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஓடாத வண்டி குடிப்பதில்லை.

சாவியை என் மடியில் வைத்துக்கொள்ளப் பயம். மதியம் ஸ்டாண்டில் கண் அசந்தால் எவனாவது உருவிவிடுவான். அதனால் சிசிலியிடம் கொடுத்தேன். அவள் கழுத்தில் போட்டிருந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றில் அதையும் கோத்துக்கொண்டாள். காலையில் வீட்டு வாசலில் வண்டியைத் திறந்து இன்ஜின் ஆயில் பார்ப்பேன். பூட்டுவேன். சாவியை அவளிடம் கொடுப்பேன். அவள் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். "மாதாவும் சாவியும் சேந்து தொங்குது, பாவம் மாதா" என்பாள். அவளுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. ஆனால் வளையல் என்று சொன்னதும் பேசாமல் இருந்தாள்.

மார்கழி போய், தை போய், மாசி போய், பங்குனி போய்ச் சித்திரை வந்தது.

அன்று காலை சிசிலி குளச்சலுக்குப் போனாள். அவள் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம். நானே பஸ் ஏற்றிவிட்டேன். "பத்திரம்" என்றேன். அவள், "நான் பத்திரமா, சாவி பத்திரமா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு வந்தேன். அவள் கேட்டதன் அர்த்தம் என் மண்டையில் ஏற மதியம் ஆயிற்று.

மதியம் ஆரல்வாய்மொழி பஸ் கிளம்ப நின்றது. மைதீன் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் குமரேசனின் மச்சான், அக்காள் புருஷன், ஸ்டாண்டுக்குள் ஓடி வந்தார். முந்தின பஸ்ஸில் வந்து ஊரெல்லாம் இவனைத் தேடியிருக்கிறார்.

"குமரேசா, உன் அப்பாவுக்கு ரொம்ப முடியலடே. காலையில இருந்து உன்னத்தான் கேக்காரு. 'அவன வரச் சொல்லு'ன்னு வாயால சொல்லிட்டாரு. வா, ஏறு."

குமரேசனின் வண்டி இன்ஜின் இறக்கித் தரையில் கிடந்தது. கையெல்லாம் கிரீஸ். துணியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். மச்சான் பஸ்ஸில் ஏறிவிட்டார். குமரேசனும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். (வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகள் குறைவு. அதில் பாதி அன்றைக்குப் பேசியவை.)

"குமரேசா, பஸ்ஸுல எதுக்குப் போற? நான் கொண்டு விடுகேன். பஸ் ஊரெல்லாம் நின்னு நின்னுல்லா போவும்."

அவன் திரும்பிப் பார்த்தான். நாலு மாதத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய பேச்சு அது.

"கூலி வேண்டாம், மக்கா" என்றேன்.

நல்ல மனதோடுதான் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபஸ்தி அவ்வளவு மோசமானவன் இல்லை என்று அவர்கள் பார்க்க வேண்டும். என் வண்டி போகிற போக்கையும் பார்க்க வேண்டும். ஒரு மனிதன் சாகக் கிடக்கும்போது எனக்கு இவ்வளவு கணக்கு ஓடியது.

குமரேசன் படியிலிருந்து காலை எடுத்தான். "மச்சான், நீங்க போங்க. கார்ல வாறேன்னு சொல்லுங்க" என்றான்.

பஸ் போன பிறகு நாங்கள் கிளம்பினோம். வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி மினுங்கியது. குமரேசன் முன் சீட்டில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். நகத்தில் கிரீஸ். ஒழுகினசேரி தாண்டினோம். பிறகு கேட்டான்.

"போன ஒடனே என்னடே சொல்ல? ஆறு வருசமாச்சு."

"அப்பான்னு கூப்பிடு. போதும்."

"அது சரிதான்" என்றான். உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டான்.

தோவாளைக்குக் கிட்ட பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ஹாரனை அழுத்தினேன். தேவைக்கு மேல் அழுத்தினேன். முந்தினோம். பஸ் ஜன்னலில் மச்சான் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். தேரில் போகிற சாமி மாதிரி ஆட்டினேன்.

தோவாளை தாண்டி ரோடு மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தில் வண்டி ஒரு தடவை இருமியது. இரண்டாவது தடவை இருமியது. மூன்றாவது இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நின்றுவிட்டது.

"என்னடே?"

"ஒண்ணுமில்ல. இப்பக் கிளம்பும்."

இறங்கி வண்டிக்கு முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் சுற்றினேன். ஹாண்டில் திருப்பி அடித்தது. மணிக்கட்டு போயிற்று. அதற்குள் பின்னால் பஸ் வந்துவிட்டது. மைதீன் அண்ணன் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்னடே செபஸ்தி? பானட்டைத் திற. பாப்போம்."

பஸ்ஸில் இருந்த அத்தனை முகமும் என் பானட்டைப் பார்த்தது. என் ஏழு சுற்று அதற்குள் இருந்தது. நாலு வளையலும் மாடி வீடும் அதற்குள் இருந்தன.

"வேண்டாம்ணே. சின்ன விசயம். நீங்க போங்க."

குமரேசன் இறங்கிப் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். இன்றைக்கும் அந்தப் பிடி என் உள்ளங்கையில் இருக்கிறது.

"அஞ்சு நிமிசம் மக்கா. இப்பக் கிளம்பிரும். பஸ்ஸ மறுபடி முந்திருவோம், பாரு."

அவன் என்னை நம்பினான். ஏன் நம்பினான் என்று எனக்குத் தெரியாது. மச்சான் ஜன்னலிலிருந்து, "சீக்கிரம் வாருங்க. நான் முன்னால போய், கார் பின்னாலயே வருதுன்னு சொல்லுகேன்" என்றார். பஸ் போயிற்று.

பஸ் கண்ணில் மறைந்த பிறகுதான் நான் பூட்டைத் தொட்டேன். பிறகு மடியைத் தொட்டேன். பிறகுதான் காலையில் சிசிலி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சாவியைத் தேடினேன். கிடைக்காது என்று தெரிந்தே தேடினேன். சட்டைப் பையில் தேடினேன். சீட்டுக்கு அடியில் தேடினேன். டூல் பையைக் கொட்டித் தேடினேன். ஒரு பழைய செருப்பு வார் கிடைத்தது. ஆறு மாதம் முன்பு காணாமல் போன திருப்புளி கிடைத்தது. "ஆஹா, இது இங்கதான் கெடந்துதா" என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. ரேடியேட்டர் மூடி வெளியேதான் இருந்தது. அதைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். ஏதாவது செய்வதாகத் தெரிய வேண்டுமே.

குமரேசன் வெயிலில் நின்று பார்த்தான். வெகுநேரம் பொறுத்தான்.

"செபஸ்தி. சாவி எங்க?"

"இங்கதான்..."

"எங்க?"

"சிசிலி கழுத்துல."

"சிசிலி எங்க?"

"குளச்சல்ல."

தோவாளைக்குத் தள்ளி நிற்கிறோம். குளச்சல் அந்தப் பக்கம், கடற்கரையில். ஓர் இன்ஜின். அதற்கும் சாவிக்கும் இடையில் பாதி நாஞ்சில் நாடு.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தன் விரலைப் பானட் இடுக்கில் விட்டுத் தூக்கிப் பார்த்தான். பட்டை அசையவில்லை. ஒரு விரலில் ரத்தம் வந்தது. துண்டை எடுத்துத் தலையில் போட்டான். நடக்க ஆரம்பித்தான்.

"குமரேசா!"

திரும்பவில்லை. மூன்று மைலுக்கு மேல் இருக்கும். மரமே இல்லாத இடமெல்லாம் உண்டு.

நான் ரோட்டோரத்துக் கல்லை எடுத்துப் பூட்டை அடித்தேன். கல் உடைந்தது. இன்னொரு கல் எடுத்தேன். அதுவும் உடைந்தது. நல்ல பூட்டு. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு மணி நேரம் இருக்கும். பஸ் திரும்பி வந்தது. மைதீன் அண்ணன் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் கடப்பாரை.

"அங்க அவன் நடந்து போறான். நீ இங்க வண்டிக்குக் காவலா நிக்க?"

"சாவி..."

"சாவியும் மயிரும்" என்றார். அதற்கு முன்பும் பின்பும் அவர் வாயில் கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை.

கடப்பாரையைப் பட்டைக்கு அடியில் விட்டு நெம்பினார். பட்டை பிய்ந்தது. பானட்டின் ஒரு முழத் தகடும் கூடவே வந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே தரையில் விழுந்தது. பஸ்ஸிலிருந்து பத்து இருபது பேர் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். தோவாளைப் பூக்கடைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். பஸ் கண்டக்டர் பார்த்தான். கோழியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு அம்மையும் பார்த்தாள். நாலு மாதம் நான் மறைத்தது எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது.

மைதீன் அண்ணன் ஏழு சுற்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுக்கா?"

நான் குனிந்து பூட்டைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏலே, இத நாங்க பட்டாளத்துலயே பண்ணிப் பாத்து விட்டதாக்கும். குளிர்ல ஓடும். வெயில் வந்தா குழாய்க்குள்ளயே பெட்ரோல் கொதிச்சு ஆவியாப் போவும். இன்ஜினுக்கு ஒரு சொட்டு போவாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. பானட்டைத் தொறந்து போட்டிருந்தா கேக்காமலே சொல்லியிருப்பேனே."

தன் தோள் துண்டை எடுத்தார். ரோட்டோர வாய்க்காலில் நனைத்தார். குழாயைச் சுற்றிப் போட்டார். சுர்ரென்று ஆவி வந்தது. மறுபடி நனைத்தார். மறுபடி போட்டார். "இப்பச் சுத்து" என்றார். ஒரே சுற்று. இன்ஜின் பிடித்தது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ஈரத் துண்டு. வாய்க்கால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி.

"பானட்டுக்குள்ள பாத்தாச்சு. ஒண்ணு சொல்லணுமில்லா" என்றார் மைதீன் அண்ணன். "அவன் போய்ச் சேரதுக்கு முன்ன போய்ப் பிடி. அவ்வளவுதான்."

போனேன். பிய்ந்த பானட் காற்றில் எழுந்து எழுந்து அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ரோடு மறைந்து தெரிந்தது. ஊர் எல்லையில் அவனைப் பிடித்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏறு மக்கா."

அவன் நடந்தான்.

"குமரேசா, ஏறுடே. ஓடுது பாரு."

அவன் நடந்தான். நான் முதல் கியரில் பின்னாலேயே போனேன். அவன் முன்னால், கார் பின்னால். பானட் அடித்துக்கொண்டே வந்தது. ரோட்டில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கடைகளில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஊர்வலம் மாதிரிதான் இருந்திருக்கும்.

அவன் தெருவில் திரும்பியதும் அழுகைச் சத்தம் கேட்டது. பெண்கள் சத்தம். அவன் நின்றான். ஒரு கணம்தான். பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

நான் இன்ஜினை அணைத்தேன். வெளியிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"இப்பத்தான். கால் மணி நேரம் இருக்கும்" என்றார். "வண்டி ரிப்பேராக்கும்?"

"ஆமா."

"என்ன செய்ய. இயந்திரமில்லா" என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் சிசிலி குளச்சலிலிருந்து வந்தாள். ஞானஸ்நான வீட்டுப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். பிய்ந்த பானட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்த சாவியை எடுத்து, நான் மடியில் வைத்திருந்த பூட்டைத் திறந்தாள். ஒரு நொடியில் திறந்தது. பலகாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஏழு சுற்றையும் அவிழ்த்தேன். பழையபடி நேர்க்குழாய் போட்டேன். பானட் அதன் பிறகு சரியாக மூடவில்லை. கயிற்றால் கட்டினேன். கதவுக்கும் கயிறு, பானட்டுக்கும் கயிறு. ஸ்டாண்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பானட் கயிற்றை அவிழ்த்துத் திறந்து வைப்பேன். முதல் சில நாள் யாரும் வரவில்லை. பிறகு ஒருவன் வந்து பார்த்தான். "பேன் பெல்ட் தளர்ந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (புகை என்று சொல்லிக்கொண்டேன்.)

பதினாறு கழிந்து குமரேசன் ஸ்டாண்டுக்கு வந்தான். தலை மொட்டை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் நேராக என் வண்டிக்கு வந்தான். திறந்திருந்த பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். நேர்க்குழாயைப் பார்த்தான். புகைக்குழாயைப் பார்த்தான். சுருள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு இருந்தது. அதை விரலால் தொட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "ஒண்ணு சொல்லிட்டுப் போல" என்று அன்றைக்கு யாரும் கூவவில்லை.

அவனே சொன்னான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"அப்பா ரெண்டு தடவ கேட்டாராம். வண்டிச் சத்தம் கேக்குதான்னு."

சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். தரையில் கிடந்த இன்ஜினை மாட்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் 'பூட்டு செபஸ்தி' என்று பெயர். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது, "எந்த செபஸ்தியான் மகள்?" என்று கேட்டார்களாம். தரகர், "பூட்டு செபஸ்தியான்" என்றதும், "பூட்டுக்கடை வச்சிருக்காரா? வசதியான இடம்தான்" என்று சந்தோஷப்பட்டார்களாம். அந்தப் பூட்டு இப்போது கோழிக்கூட்டில் தொங்குகிறது. சும்மா தொங்கும். பூட்டுவதில்லை.

வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்தப் பொருள் காணாமல் போனாலும் ஒரே பதில்தான். கண்ணாடியைக் காணோம் என்றால், "குளச்சல்ல." ரேஷன் கார்டைக் காணோம் என்றால், "குளச்சல்ல." பேரப்பிள்ளைகள் குளச்சல் என்றால் தொலைந்த பொருள் எல்லாம் போய்ச் சேருகிற இடம் என்றே கொஞ்ச காலம் நினைத்திருந்தார்கள். நானும் சிரிப்பேன். குமரேசன் பானட்டுக்குள் பார்த்துச் சொன்ன வார்த்தையை மட்டும் வீட்டில் சொன்னதில்லை. சிசிலிக்கும் தெரியாது. இனித் தெரியும்.

போன மாதம் குமரேசன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது. சாயா குடித்தான். கிளம்பும்போது செருப்பு ஒன்றைக் காணவில்லை. "தாத்தா செருப்பு எங்கே?" என்றான் பேரன். வீடே சேர்ந்து கத்தியது: "குளச்சல்ல!"

குமரேசனும் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். நானும் சிரித்தேன்.

அப்போது ரோட்டில் ஒரு கார் வருகிற சத்தம் கேட்டது. அவன் சிரிப்பை நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். அது எங்கள் வீட்டைத் தாண்டி, வளைவில் திரும்பி, சத்தம் முழுவதும் போகிற வரைக்கும் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே நின்றோம்.